ரெண்டு இஞ்ச் வீடு

ஒரு தவளைக் குடும்பத்தின் வீட்டை ஹாக்சா பிளேடால் அறுத்து, வாஷ்பேசினுக்குக் கீழே பொருத்திய பிளம்பர் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பொருத்திய கையோடு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று, "எப்படி உட்கார்ந்திருக்கு பாரு, அச்சு மாதிரி" என்று தனக்குத்தானே சபாஷ் போட்டுக்கொண்டவனும் நான் ஒருவன்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் மனைவியின் தங்கை, காட்டோரத்தில் இருக்கும் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் மரத்தவளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். வீட்டில் அவளைச் சின்னு என்போம். மாதக்கணக்கில் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. "போய்ப் பிள்ளை ஒழுங்கா சாப்பிடுதா, தூங்குதான்னு பாத்துட்டு வாங்க" என்று என் மனைவி என்னை பஸ் ஏற்றிவிட்டாள். போய்ப் பார்த்தேன். பிள்ளை நன்றாகத்தான் இருந்தது. குளியலறை வாஷ்பேசின்தான் ஒழுகிக்கொண்டிருந்தது.

"விடுங்க மாமா, டவுன்லேர்ந்து யாரையாவது கூப்பிட்டுக்கலாம்" என்றாள் சின்னு.

யாரையாவது! எத்தனை வருஷமாக ஊரார் வீட்டுக் குழாய்களுக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறேன், என்னை வைத்துக்கொண்டு யாரையாவது! வந்த மாப்பிள்ளையைத் திண்டாடவிட்டு வேறு மாப்பிள்ளை தேடுவது போல் இருந்தது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடைப் பக்கம் போனதும் என் பையைத் திறந்தேன்.

வேஸ்ட் பைப் நீளவாக்கில் விரிசல் விட்டிருந்தது. என் பையில் எல்லாம் இருந்தது: எல்போ, கப்ளிங், ஒட்டுகிற சொல்யூஷன், டேப். பைப் மட்டும் இல்லை. ஒரு முழம் பைப்புக்காக பஸ் பிடித்து மலையிறங்க வேண்டுமா என்று யோசித்தபடி சமையலறைப் பின்பக்கம் வந்தால், கண்ணெதிரே ஒரு மரத்தில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, அருமையான ரெண்டு இஞ்ச் பைப். கம்பி போட்டு நெட்டுக்குத்தலாகக் கட்டியிருந்தது. அடிவாயில் மூடி. மேல்வாய் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தது. எங்கிருந்தும் வராமல், எங்கேயும் போகாமல் ஒரு பைப் சும்மா நிற்பதை ஒரு பிளம்பரால் எப்படித் தாங்கிக்கொள்ள முடியும்?

இருந்தாலும் கேட்காமல் எடுக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. அரிசி களைந்துகொண்டிருந்த சமையல்காரரிடம் கேட்டேன்.

"அண்ணே, அந்தப் பைப் எதுக்கு?"

"மழைத்தண்ணி பிடிக்கிறதுக்கா இருக்கும். இல்லாமலும் இருக்கும்."

"எடுத்துக்கலாமா?"

அவர் வெகுநேரம் மரத்தைப் பார்த்தார். "எடுக்கலாம்னு சொல்ல முடியாது தம்பி. எடுக்கக்கூடாதுன்னும் யாரும் என்கிட்ட சொல்லல."

யார் வாயிலும் நேரான பதில் வராதபடி அந்த இடத்தின் தண்ணீரிலேயே ஏதோ இருக்கிறது என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. எடுத்தேன். உள்ளே தேநீர் நிறத்தில் தண்ணீர், மக்கிய இலை. அதைக் கீழே கொட்டாமல் குளியலறை வாளியில் ஊற்றி வைத்தேன். ஒழுகுகிறதா என்று சோதிக்க நல்ல தண்ணீரை எதற்கு வீணாக்குவது என்ற சிக்கன புத்தி. பிற்பாடு யோசித்தால், என் வாழ்க்கையிலேயே உருப்படியாகச் செலவான சிக்கனம் அதுதான்.

அறுத்தேன், தேய்த்தேன், ஒட்டினேன். சொல்யூஷன் காய்ந்ததும், சோதித்துப் பார்க்கலாமென்று வாளியைத் தூக்கி பேசினில் சாய்க்கப்போன நேரம் சின்னு வந்து வாசலில் நின்றாள்.

"மாமா, பின்னாடி மரத்துல ஒரு பைப் இருந்துச்சே, பாத்தீங்களா?"

நான் பெருமையோடு பேசினுக்குக் கீழே கை காட்டினேன்.

அவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு, தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிற குரலில், "அதுக்குள்ள இருந்த தண்ணி எங்க மாமா?" என்றாள்.

"இதோ, என் கையில."

"அப்படியே… மெதுவா… கீழ வைங்க."

வைத்தேன். அவள் வாளிப் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து உள்ளே எட்டிப்பார்த்தாள். நானும் எட்டிப்பார்த்தேன். நான் மக்கிய இலைத் துணுக்கு என்று நினைத்ததெல்லாம் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் விஷயத்தை அவள் சொன்னாள். இந்த மரத்தவளை கட்டைவிரல் அளவுதான் இருக்கும். வாழ்நாள் முழுக்க மரத்திலேயே குடியிருக்கும். குளம் குட்டைக்கெல்லாம் இறங்காது. கிழட்டு மரங்களில் பொந்து விழுந்து, அந்தப் பொந்தில் மழைத்தண்ணீர் தேங்கினால்தான் அதற்குக் குடித்தனம். அப்படிப்பட்ட மரங்கள் இப்போது குறைந்துவிட்டன. அதனால் சின்னு பொந்துக்குப் பதிலாக பைப் துண்டுகளைக் காடு முழுக்கக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். தவளைகள் ஒன்றையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு ஜோடி, ஒரே ஒரு பைப்பைப் பார்த்துப் பிடித்துப்போய்க் குடிவந்தது. சமையலறைப் பின்பக்கத்து பைப்.

"அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் பாத்துட்டிருக்கேன் மாமா. அம்மாக்காரி சில நாளைக்கு ஒரு தடவை பொழுது சாயுறப்ப வருவா. தண்ணிக்குள்ள இறங்கி முட்டை போட்டுட்டுப் போவா. அது குஞ்சு பொரிக்காத முட்டை. பசங்களுக்குச் சாப்பாடு."

"அடேங்கப்பா. சரி, அவ வரலைன்னா என்ன, நாம கொஞ்சம் ரொட்டித் தூள் போட்டா—"

"வேற எதையும் சாப்பிடாதுங்க மாமா. அவ போடுற முட்டை மட்டும்தான்."

"அப்போ அவ வருவாளா, மாட்டாளா?"

சின்னு வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்ல முடியாது மாமா" என்றாள்.

அவ்வளவுதான். ஒரு வசவு இல்லை. ஒரு பெருமூச்சுகூட இல்லை. நான் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தபோது சின்னு பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு நாள் அவள் தவளை பற்றிப் படிக்கப் போகிறேன் என்றதும் வீடே விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்காமல் பக்கத்தில் நின்றவன் நான்தான். அந்த நன்றியை அவள் இன்னமும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரிகிறாள். அதனால் என்னைத் திட்டமாட்டாள். இவள் ஒரு தடவை, "அறிவிருக்கா மாமா?" என்று கேட்டுத் தொலைத்திருந்தால் எனக்கு ராத்திரி சோறு இறங்கியிருக்கும்.

மறுநாள் மலையிறங்கிப் புது பைப் வாங்கி வந்தேன். புது பைப் வாசனை ஆகாது என்று அதை ஓடைத்தண்ணீரில் ஊறப்போட்டாள். "வாசனை போயிடுமா?" என்றேன். "ஓரளவு" என்றாள். அறுத்தபோது மிஞ்சிய பழைய துண்டு ஒன்று, ஒரு சாண் இருக்கும், குளியலறை மூலையில் கிடந்தது. நல்லவேளை, மேல்வாய்ப் பக்கம்தான். பாசி படிந்து வழுவழுவென்று இருந்தது. அம்மாக்காரி கால் வைத்துப் பழகிய விளிம்பு அதுவாயிற்றே என்று, ஒரு சொட்டு சொல்யூஷன்கூடத் தொடாமல், வெறும் கப்ளிங்கால் இறுக்கிப் புது பைப்பின் தலையில் அதைச் சேர்த்தேன். பிறகு சேற்றையும் இலையையும் பூசி மீதிப் பைப்பையும் அழுக்காக்கினேன். பளபளவென்று புதுசாகக் காட்டத்தான் இத்தனை நாள் கூலி வாங்கியிருக்கிறேன். புதுசைப் பழசாக்கிய வேலை இதுதான் முதல் தடவை.

வாளியிலிருந்து பிள்ளைகளை மாற்றும்போது ஒன்று இலையோடு ஒட்டிக்கொண்டது. விரலை உள்ளே விட்டு மெல்லத் தள்ளினேன். அவ்வளவுதான், மற்ற எல்லாம் ஓடிவந்து என் விரலை முட்டி முட்டி உடம்பை நடுக்கிக்காட்டின.

"என்ன பண்ணுதுங்க?"

"பசிச்சா அம்மாகிட்ட அப்படித்தான் கேக்கும் மாமா."

"நான் அவ இல்லடா" என்றேன்.  

பைப்பைப் பழைய இடத்தில், பழைய உயரத்தில், பழைய கம்பியாலேயே கட்டினோம். பழைய தண்ணீரையே ஊற்றினோம். வேலை முடிந்ததும் நான் அந்த மரத்தடியில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கெடுத்தவன் நான். அவள் வந்து பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுவதைக் கண்ணால் பார்க்காமல் நகர்வதில்லை என்று முடிவு. கொசுவுக்கு எண்ணெய், முதுகுக்குத் தைலம், மழைக்கு ஒரு குடை, கையில் டார்ச். பூரண ஆயத்தம்.

அன்று பொழுது சாய்ந்தது. குளியலறைப் பக்கமிருந்து கேட்டது: டொக்.

 என் ஜாயின்ட்! ஓடிப்போய் பேசினுக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தேன். காய்ந்து கிடந்தது. வெளியே வந்தேன். டொக். மறுபடி ஓடினேன், ஜாயின்டை விரலால் தடவினேன், காகிதத்தைச் சுற்றி ஈரம் பார்த்தேன். டொக். டொக். மூன்றாவது தடவை நான் அடியிலிருந்து வெளியே வரும்போது சின்னு தலைக்கு மேல் நின்றாள்.

"அது லீக் இல்ல மாமா. அப்பா."

"யாரோட அப்பா?"

"அதுங்களோட. ஆம்பளைத் தவளை கூப்பிடுற சத்தம் அது. ஜன்னலுக்கு அந்தாண்ட இன்னொரு மரத்துக் கிளையில உக்காந்திருக்கான்."

வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். இலைக்கு மேல் இலை போலவே ஒருவன். விரல் நுனியெல்லாம் பொட்டு வைத்தாற்போல் வட்ட வட்டமாக விரிந்து கிளையைப் பற்றியிருந்தது. தொண்டையை உப்பவைத்து, டொக். பெண்டாட்டியைக் கூப்பிடுகிறானாம். நான் கூப்பிட்டால் என் பெண்டாட்டியும் இப்படித்தான் வருவதில்லை. அந்த வகையில் அவன்மேல் எனக்கு ஒரு பரிவு வந்தது.

"அவன் கூப்பிட்டா அவ வருவாளா?"

"சில சமயம்."

"எந்தச் சமயம்?"

"அதைத்தான் மாமா நாங்க ஆராய்ச்சி பண்றோம்."

அன்று அவள் வரவில்லை. மறுநாளும் முக்காலியில் உட்கார்ந்தேன். தண்ணீர் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று அவ்வப்போது முக்காலிமேல் ஏறி நின்று, டார்ச் அடித்து உள்ளே எட்டிப்பார்த்தேன். பிளம்பர் புத்தி, எங்கே போகும்? பிள்ளைகள் தெரிந்தன. வயிற்றுத் தோல் கண்ணாடி மாதிரி இருப்பதால் உள்ளே ஒன்றுமில்லை என்பதும் தெரிந்தது. முட்டை சாப்பிட்டிருந்தால் வெள்ளை மணிகள் கோத்ததுபோல் வயிறு நிறைந்திருக்குமாம்.

சின்னுவுக்கு என்மேல் எவ்வளவு பாசம் என்று அன்றுதான் புரிந்தது. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை வந்து விசாரித்தாள். "மாமா, உங்களுக்கு முதுகு வலிக்கும், உள்ள வந்து படுங்களேன்." நான் வலிக்கவில்லை என்று இன்னும் கொஞ்சம் தைலம் தேய்த்துக்கொண்டேன். "மாமா, தேநீர் போட்டு வெச்சிருக்கேன், உள்ள வந்து குடிங்களேன்." இங்கேயே கொண்டு வா என்றேன். "மாமா, கொசு பிடுங்குமே." எண்ணெயைக் காட்டினேன். "அக்கா உங்களைத் தேடமாட்டாளா மாமா?" தேடட்டும், ஒரு பொறுப்பு என்று வந்துவிட்டால் நான் விடுகிறவன் இல்லை என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு போனாள். கண்ணில் தண்ணீர் நின்றதுபோல் இருந்தது. பாவம், நெகிழ்ந்துபோய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாளும் வரவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. சின்னுவின் பேராசிரியர் போனில் வந்தபோது, "கொஞ்சம் குடும்மா" என்று போனைப் பிடுங்கிக்கொண்டேன்.

"ஐயா, நான் அந்தப் பைப்பை அறுத்த ஆள். ஒரே கேள்வி. அந்தத் தவளை திரும்பி வருமா, வராதா?"

"ரொம்ப நல்ல கேள்வி" என்றார் பேராசிரியர்.

"நன்றிங்க. பதில்?"

"வாய்ப்பை மறுக்க முடியாது. அதே நேரத்துல உறுதியாவும் சொல்ல முடியாது. பல காரணிகள் இருக்கு பாருங்க."

"என்ன காரணிங்க?"

"சூழல்ல ஏதாவது தொந்தரவு இருக்கா, எவ்வளவு தூரத்துல இருக்கு, அது தொடர்ந்து இருக்கா, இந்த மாதிரி."

"தொந்தரவெல்லாம் ஒண்ணுமில்லைங்க. நான் பக்கத்துலயே காவல் இருக்கேன்."

மறுமுனையில் ஒரு செருமல் கேட்டது. பிறகு, "சின்னுகிட்ட குடுங்களேன்" என்றார். அவள் போனை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய் வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசினாள். திரும்பி வந்தபோது, "என்ன சொன்னார்?" என்றேன். "பாக்கலாம்னு சொன்னார் மாமா."

பாக்கலாம்! படித்தவர்களே இப்படித்தானா? என் தொழிலில் ஒரு வீட்டுக்காரர், "ஒழுகுறது நின்னுடுமா?" என்று கேட்கும்போது, "வாய்ப்பை மறுக்க முடியாது, பல காரணிகள் இருக்கு" என்று நான் சொன்னால் என்ன ஆகும்? ஸ்பேனரோடு சேர்த்து என்னையும் வெளியே எறிவார்கள். ஒழுகும், ஒழுகாது. இரண்டே பதில்தான். இதில் என்ன கஷ்டம்?

மூன்றாம் நாள் மத்தியானம் பிள்ளைகள் அசையவே இல்லை. முக்காலியில் ஏறி விரலை விட்டேன். ஒன்றே ஒன்று மட்டும் வந்து முட்டியது. அதுவும் கடமைக்கு முட்டியதுபோல் முட்டிவிட்டு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சின்னு பக்கத்தில் நின்றாள். இத்தனை நாள் அவள் கண்விழித்துக் காத்தது எல்லாம் அந்த ரெண்டு இஞ்ச் பைப்புக்குள் ஒட்டிய வயிறோடு கிடந்தது. "என்னைத் திட்டேன்" என்று வாய்வரை வந்தது. அதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம், மழை விட்ட நேரம், மரத்தடியில் உட்கார்ந்தபடியே மனைவிக்குப் போன் போட்டேன்.

"எங்க இருக்கீங்க?"

"மரத்தடியில."

"இன்னுமா? முந்தாநாளும் மரத்தடி, நேத்தும் மரத்தடி."

"அவ வரணும்ல?"

"என்ன தேச்சிருக்கீங்க? தைலமா?"

"போன்ல எப்படித் தெரியுது உனக்கு?"

"இத்தனை வருஷக் குடித்தனத்துல எனக்குத் தெரியாதா? டார்ச்சும் அடிச்சு அடிச்சுப் பாப்பீங்களே? இருமிக்கிட்டே இருப்பீங்களே?"

"அதுக்கென்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல. நான் அடுப்படியில நிக்கிறப்ப நீங்க வாசப்படியில நின்னு, 'ஆச்சா, ஆச்சா'ன்னு எட்டி எட்டிப் பாத்தீங்கன்னா எனக்கு அடுப்பைப் பத்தவெக்கவே மனசு வராது. அப்பப்போ தோணும், இந்த மனுஷன் கொஞ்சம் வெளிய போனா சமையலை முடிச்சுத் தொலைக்கலாமேன்னு."

எனக்குச் சுருக்கென்றது. "நீ என்ன சொல்ற? நான் இங்கேயிருந்து எந்திரிக்கணுமா?"

"நான் ஒண்ணும் சொல்லல. உங்க இஷ்டம்" என்று போனை வைத்துவிட்டாள்.

போனைப் பையில் போட்டேன். முதுகு வலிக்கும், உள்ள வந்து படுங்களேன். தேநீர் உள்ள இருக்கு. கொசு பிடுங்குமே. அக்கா தேடமாட்டாளா. தொந்தரவு எவ்வளவு தூரத்துல இருக்கு. ஒவ்வொன்றாகக் காதில் வந்து விழுந்தது, லேட்டாக. என்னைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் மூன்று நாளாக ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் வெவ்வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். மோட்டார் போட்டும் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறாத வீடு மாதிரி, எனக்கு மட்டும் ஏறவே இல்லை.

முக்காலியைத் தூக்கினேன். டார்ச்சை அணைத்தேன். காலடிச் சத்தம் கேட்காமல் சமையலறை வழியாக உள்ளே போனேன். அடுப்படியில் இருந்த சமையல்காரர் என்னையும் முக்காலியையும் பார்த்தார். "கிளம்பிட்டீங்களா தம்பி?" என்றார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன்.

மரம் கண்ணில் படாத இடம் அந்தக் கட்டடத்தில் குளியலறை ஒன்றுதான். அதன் ஜன்னல் பக்கவாட்டில் திறக்கும். சோப்பு போட்டுத் தைலத்தையும் எண்ணெயையும் கழுவிக்கொண்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே பேசின். அதற்குக் கீழே நான் பொருத்திய பைப். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. இவ்வளவு நல்ல வேலையைப் பார்த்து இவ்வளவு எரிச்சல் எனக்கு எப்போதும் வந்ததில்லை.

ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டே வந்தது. டொக் என்றான் அப்பா. கூப்பிடுப்பா, நன்றாகக் கூப்பிடு, அந்த ஆள் தொலைந்துவிட்டான் என்று சொல்லு. டொக். இருமல் வந்தது. துண்டை வாயில் அடைத்துக்கொண்டேன். டொக். டொக். அப்புறம் சத்தம் நின்றுவிட்டது. நின்றது நல்லதற்கா கெட்டதற்கா என்று கேட்கலாமென்றால் பக்கத்தில் யாரும் இல்லை. இருந்திருந்தாலும், "சொல்ல முடியாது" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இருட்டிய பிறகு நடையில் வெறுங்கால் ஓடிவரும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. சின்னு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். முழங்கால்வரை சேறு, தலையில் இலை.

நான் கவிழ்த்த வாளியிலிருந்து எழுந்திருக்கவில்லை. கால் மரத்துப்போயிருந்தது. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்பது எனக்குத் தெரியும். வந்த மாதிரி இருந்தது என்பாள். ஓரளவு என்பாள். நாளைக்குப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்பாள். இருந்தாலும் கேட்டேன்.

"வந்தாளா?"

"வந்துட்டா மாமா. எல்லாத்துக்கும் வயிறு நிறைஞ்சிருக்கு" என்றாள் சின்னு. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க அங்க இல்லாததாலதான் வந்தா."